பஞ்சர்காரர் வரைந்த கண்

இடது கைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு பொட்டுச் சாயத்தை வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே நீட்டி, ஒற்றைக் கண்ணால் பார்க்கிறார் பஞ்சர்காரர். உதட்டைப் பிதுக்குகிறார். துணியில் துடைத்துவிட்டு, தட்டில் கடுகளவு மஞ்சளைச் சேர்த்துக் குழைத்து, மறுபடியும் நகத்தில் வைக்கிறார். தோலின் நிறத்தை நகத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். "தட்டுல இருக்கறப்ப எல்லா நிறமும் யோக்கியன் மாதிரிதான் இருக்கும். பக்கத்துல சதை வந்தாத்தான் சாயம் வெளுக்கும்" என்பது அவர் கட்சி. ஞாயிற்றுக்கிழமை வைத்த சாயம் திங்கட்கிழமை வரை நகத்தில் தங்கிவிடும். வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்கள், "என்னண்ணே, விரல்ல அடியா?" என்று கேட்பார்கள். "அடியில்ல, கன்னம்" என்பார். மேற்கொண்டு விளக்கம் கிடையாது.

பெரிய சாலை ஓரத்தில், தகரக் கூரைக்குக் கீழே, முப்பத்து நான்கு வருஷமாக டியூபுக்கு ஒட்டுப் போடுகிறவர். ஆள் கட்டை குட்டை. டயர் தூக்கித் தூக்கி வலது தோள் ஓர் அங்குலம் இறங்கிவிட்டது. டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடித்ததும், அரத்தால் தேய்ப்பார், துடைப்பார், மறுபடியும் தேய்ப்பார். அந்த நேரத்தில் அவசரப்படுத்தினால் போச்சு. "எண்ணெய்ப் பசை இருந்தா ஒட்டு நிக்காது சார். இன்னைக்குப் பிடிச்ச மாதிரி இருக்கும், நாலாம் நாள் நடுரோட்டுல கழுத்தறுக்கும். அவ்வளவு அவசரம்னா நடந்து போங்க!" காரில் வந்தவர்கூட வாயை மூடிக்கொண்டு நிற்பார்.

படம் போடும் கிறுக்கு நாற்பத்தெட்டு வயதில் பிடித்தது. இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு மாதம் வீட்டில் கிடந்தபோது, சும்மா இருக்க முடியாமல் அக்ரிலிக் சாயப்பெட்டி ஒன்று வாங்கினார். அது அவர் சுபாவத்துக்கு ஒத்துப்போனது. தண்ணீர்விட்டுக் குழைத்தால் போதும். கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும். பிடிக்காவிட்டால் அதன் மேலேயே இன்னொரு பூச்சு. மலை, படகு, சூரியன் என்று போட்டுத் தள்ளினார். வீட்டில் ஆணியடிக்க இடமில்லாமல் போனதும் மிச்சத்தைக் கடைக்குக் கொண்டுபோனார். கம்ப்ரஸருக்கு மேலே இன்னமும் இரண்டு கொக்குகள் இருக்கின்றன. "அண்ணே, இதுங்க பறக்குதா, விழுதா?" என்று லாரிக்காரர்கள் கேட்காத நாளில்லை. அவர் மனைவியோ, "சுவத்துல ஒழுகின கறை மறைஞ்சுது, அதுவரைக்கும் சந்தோஷம்" என்று ஒரே வரியில் விமர்சனத்தை முடித்துவிட்டார்.

இந்தக் கிறுக்குக்கு வெகுகாலம் முன்பே, கடைக்கு வந்த லாரிக்காரர்களில் ஒருவர் பஞ்சர்காரரின் தங்கைக்குக் கணவரானார். டயர் மாற்ற வந்து, பேசிப் பழகி, மாப்பிள்ளையாகிவிட்ட மனிதர். இருபத்தாறு வருஷம் மச்சானைச் சீண்டுவதே அவருக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு ஒரு விசித்திரம் உண்டு. கேமராவைக் கண்டால் சிரிப்பு வந்துவிடும். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். கல்யாண ஆல்பம் முழுக்க மாப்பிள்ளை நல்ல தூக்கம். "கண்ணை மூடிக்கிட்டு வந்துதானே மச்சான் உங்க தங்கச்சிகிட்ட மாட்டினேன்" என்பார். லைசென்ஸில் இருக்கும் படத்தில் மட்டும் கண் திறந்திருக்கும். போட்டோக்காரர் அதட்டித் திறக்கவைத்த கண் அது. "திருடிட்டு அகப்பட்டவன் மாதிரி" என்று தங்கை அதைக் கையால் தொட மாட்டாள்.

அந்த மாப்பிள்ளைக்கு வயிற்றில் கட்டி. முற்றிய பிறகுதான் தெரிந்தது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, தங்கை அண்ணனைச் சமையலறைக்குக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். "அவர் கண்ணைத் திறந்து பாக்கற மாதிரி ஒரு படம் போட்டுக் குடுண்ணா. எங்கிட்ட அப்படி ஒண்ணுகூட இல்ல."

அக்ரிலிக்கில் இரண்டு முறை முயன்றார். முகம் வரவில்லை. வெளிச்சம் விழுந்த கன்னத்தையும் நிழல் விழுந்த கன்னத்தையும் இழைத்துச் சேர்ப்பதற்குள் நடுவே கோடு விழுந்து காய்ந்துவிடும். தண்ணீர் தெளித்துப் பார்த்தார். சாயம் திட்டுத்திட்டாகக் கரைந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மச்சான், என் மூஞ்சியிலயும் ஒட்டுப் போட்டுட்டீங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பஞ்சர்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

படச்சாமான் விற்கிற கடைக்கார அம்மாதான் எண்ணெய்ச் சாயத்துக்கு மாறச் சொன்னார். ஆளி விதை எண்ணெயில் அரைத்த சாயம். காய நாள் கணக்காகும். முகத்துக்கு அதுதான் தோது. ட்யூப்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே ஒரு எச்சரிக்கையும் செய்தார். "காய்ஞ்ச அக்ரிலிக் மேல இதைப் போடலாம். இது மேல மட்டும் அக்ரிலிக்கைப் போட்டுடாதீங்க. பிடிக்காது, உரிஞ்சு வந்துடும்." பஞ்சர்காரருக்குச் சிரிப்பு வந்தது. "எனக்கேவாம்மா? எங்க பொழைப்பே அதுதானே!"

புதுச் சாயம் அவரை மாற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டு ஜன்னலோரம் மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கன்னத்துக்கே ஒரு மத்தியானத்தைச் செலவழித்தார். தூரிகையால் தடவத் தடவ வெளிச்சம் நிழலுக்குள் தானாக இறங்கியது. தப்பானால் துணியால் வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் ஆரம்பிக்கலாம். மறுநாளும் ஈரம் இருந்தது. "நேத்து விட்ட எடத்துல இருந்து கூப்பிட்டா இன்னைக்கும் வருது!" என்று மனைவியிடம் வியந்தார். "ரப்பர் நாத்தம் பத்தாதுன்னு இப்ப டர்பன்டைன் நாத்தமா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டவர், படத்தைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார். "அய்யோ, அவரேதாங்க" என்றார்.

அவரேதான், கண் மட்டும் இல்லை. நெற்றி, காது, மீசையில் நரைத்த நாலு முடி எல்லாம் வந்த பிறகும் கண்ணிருக்க வேண்டிய இடத்தில் பழுப்பாக இரண்டு குழிகள். வாராவாரம் ஒரு சாக்குச் சொன்னார். வெளிச்சம் சரியில்லை, தூரிகை சரியில்லை, கை சரியில்லை. உண்மை வேறு. படம் முடியாதவரை மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குள் ஒரு அசட்டு நம்பிக்கை முளைத்திருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. எண்ணெய்ச் சாயம் காத்திருக்கும், அவசரமே இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"கண்ணை எப்ப வெக்கறதா உத்தேசம்? தண்ணி குடிக்க எழுந்தா என்னைப் பாத்து நானே பயந்துக்கறேன்" என்றார் மாப்பிள்ளை.

"அடுத்த வாரம் மாப்ள."

"அடுத்த வாரம் நான் ஊர்ல இருக்கணுமே!"

ஒன்பதாவது ஞாயிற்றுக்கிழமை வைத்தார். அதற்குள் மாப்பிள்ளையால் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. தலையணை அண்டக் கொடுத்து, ஒரு மணி நேரம் கண்ணில் நீர் வழிய வழிய மச்சானையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்ததைத்தான் பஞ்சர்காரர் வரைந்தார். தங்கை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது ஆஸ்பத்திரிக் கண்ணுண்ணா. இது அவர் இல்ல." சரி, அடுத்த வாரம் திருத்திக்கொள்ளலாம் என்று படத்தைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். வியாழக்கிழமை மாப்பிள்ளை போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரர்கள் எல்லாரும் வருவதாக ஏற்பாடு. "அன்னைக்கு அவர் சுவத்துல இருக்கணும்ணா. கண்ணைத் திறந்துகிட்டு" என்றாள் தங்கை. சனிக்கிழமை வரை பஞ்சர்காரரால் அந்தப் படத்தின் பக்கம் போக முடியவில்லை. சனிக்கிழமை மத்தியானம் போய் நின்றார். எண்ணெயில் திருத்தினால் ஒரு வாரமானாலும் காயாது. துணி சுற்றி வண்டியில் கொண்டுபோனால் அப்பிக்கொள்ளும். பழைய கண்ணைத் தொட்டுப் பார்த்தார். விரலில் ஒட்டவில்லை. பழைய அக்ரிலிக் பெட்டியை எடுத்தார். தெரியாமல் எடுக்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த மனிதர், எல்லாம் தெரிந்தேதான் எடுத்தார்.

லாரி ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ஏதாவது ஒரு புளுகை அவிழ்த்துவிடுவதற்கு முந்தைய நொடியில் மாப்பிள்ளை பார்ப்பாரே ஒரு பார்வை, அது எங்கிருந்தோ கைக்கு வந்தது. இருபதே நிமிஷம். அவர் வாழ்நாளில் அதைப் போல ஒன்று வரைந்ததில்லை, இனி வரையப் போவதுமில்லை. மனைவி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறுவதற்குள் கண் காய்ந்துவிட்டது.

மறுநாள் துணியை விலக்கியதும் தங்கை இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "பாக்கறாருண்ணா" என்றாள். வந்தவர்கள் எல்லாரும் பஞ்சர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று அன்று அவரும் நினைத்தார்.

ஏழு மாதம் தாங்கியது. ஈரமும் வெயிலும் மாறி மாறி வந்த ஒரு பருவத்தில் தங்கை போன் செய்தாள். "அண்ணா, அவர் இடது கண்ணு உரிஞ்சு விழுந்துடுச்சு. தூசியா இருக்கேன்னு ஈரத்துணியால ஒரு தடவை தொடச்சேன். நான்தாண்ணா கெடுத்துட்டேன்." ஓடிப்போய்ப் பார்த்தார். இடது பக்கம் மெழுகு போல எண்ணெய்ப்பூச்சு பளபளத்தது. அதற்குள்ளிருந்து பழைய ஆஸ்பத்திரிக் கண் எட்டிப் பார்த்தது. வலது கண் அப்படியே இருந்தது, ஓரத்தில் மட்டும் ஒரு மயிரிழைக் கீறல். "அழாதே, பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தவர், அவள்மேல் தப்பில்லை என்பதைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அட்டை அட்டையாகக் கண் வரைகிறார். நகத்தில் பொட்டு வைத்துப் பார்க்கிற கன்னமெல்லாம் இந்தக் கண்களைச் சுற்றி வைப்பதற்குத்தான். முப்பது அட்டைக்கு மேல் ஆகிவிட்டது. நிறம் சரியாக இருக்கிறது, வெளிச்சம் சரியாக இருக்கிறது, ஆனால் யாரோ முழிக்கிறார்கள். பார்த்து வரையலாம் என்றால் ஆல்பம் முழுக்க மூடிய இமை. கடைசியில் ஒரு மத்தியானம் தூரிகையைப் போட்டுவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். "மறந்துபோச்சுடி. இருபத்தாறு வருஷம் பாத்த மனுஷன், எனக்கு மறந்துபோச்சு." மனைவி முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு கண்டிப்பாகவே சொன்னார். "கண்ணு வரும், வராமப் போகும். அந்தப் பொண்ணு தன்னாலதான்னு நெனச்சு மருகிட்டிருக்கா. முதல்ல போய் அதைச் சொல்லுங்க."

போனார். தங்கை நீட்டிய தண்ணீரை வாங்காமலேயே சொன்னார். "நீ தொடச்சதால இல்லம்மா. எண்ணெய் மேல போடக் கூடாததைப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

"ஏண்ணா?"

"நேரமில்ல. இருந்த நேரத்தையெல்லாம் நான்தான் இழுத்தடிச்சேன். அதை முடிச்சா அவர் போயிடுவார்னு..." மீதியை விழுங்கிவிட்டார்.

தங்கை தண்ணீரை அவர் கையில் திணித்தாள். "குடி" என்றாள்.

"இனிமே அந்தக் கண்ணு எனக்கு வராதும்மா. வேணும்னா ரெண்டையும் மூடின மாதிரி வரைஞ்சு குடுத்துடறேன். போட்டோவுல இருக்கற மாதிரி."

"மூடின கண்ணு எங்கிட்ட ஆல்பம் நிறைய இருக்குண்ணா. இந்த ஒரு கண்ணு இருக்கில்ல? இருக்கற வரைக்கும் பாக்கட்டும். நீ கை வெக்காதே."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போகிறார். படம் மாட்டியிருக்கும் கூடத்தில் மின்விசிறி சுற்றுவதில்லை. காற்றுப் பட்டால் கீறல் விரியுமோ என்று அவள் போடுவதில்லை. போன வாரம் நல்ல புழுக்கம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, மோவாயிலிருந்து வியர்வை சொட்டியது. தங்கை உள்ளே தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். பஞ்சர்காரர் பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை நான்காக மடித்து, முகத்துக்கு நேரே இரண்டு வீசு வீசினார். சட்டென்று நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். தாளை மெல்லத் தொடைக்கு அடியில் செருகி, அதன்மேல் அசையாமல் உட்கார்ந்துகொண்டார்.