கவிழ்ந்த கை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்து பேரும் படித்து ஆளாகிவிட்டார்கள். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மெல்பேணில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கிருந்து காரில் கொஞ்ச நேரம் மலைப்பக்கமாகப் போனால் ஒரு பழைய கோச்சிப் பாதை இருக்கிறது. கோச்சி என்றால் கரி போட்டு ஓடுகிற புகைவண்டி. அரசாங்கம் எப்பவோ கைவிட்ட பாதையை ஊரவர்கள் கூடி, சம்பளம் வாங்காமல், சனி ஞாயிறுகளில் ஓட்டுகிறார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி அங்கே பெட்டி துடைக்கப் போகிறவள். ஒருநாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள். பித்தளைக் கைபிடிகளைப் புளி போட்டுத் தேய்த்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அவர்கள் என்னை விடவில்லை.

பெட்டி துடைப்பதிலிருந்து, சனம் கோச்சி ஏறுகிற மேடைக்கு வந்தேன். கறுப்பு வேஸ்ட்கோட்டும் பச்சைக் கொடியும் தந்தார்கள். சனம் ஏறி முடிந்ததும், கதவுகள் எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, நான் கையை உயர்த்த வேண்டும். நான் உயர்த்தினால்தான் கார்ட் விசில் ஊதுவார். அவர் ஊதினால்தான் கோச்சி அசையும். என் சீவியத்தில் நான் சொல்லி ஒன்று அசைந்தது அங்கேதான். வீட்டில் புருசனுக்காகச் சமைத்தேன், பிள்ளைகளுக்காக எழும்பினேன், என் கையைப் பார்த்துக்கொண்டு ஒருவரும் நின்றதில்லை. அந்த மேடையில் அவ்வளவு பெரிய இரும்பு நின்றது.

பிறகு நோய் வந்து எல்லாவற்றையும் பூட்டினார்கள். நோய் அடங்க, புயல் வந்து மரங்களைப் பாதையில் சாய்த்தது. மரங்களை வெட்டி எடுத்துப் பார்த்தால் தண்டவாளத்துக்குக் கீழே சிலிப்பர் கட்டைகள் உக்கிப் போயிருந்தன. வருடக்கணக்காய் மூடிக் கிடந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரி செத்துப்போனாள். நான் வேஸ்ட்கோட்டைத் தோய்ப்பதும் மினுக்குவதுமாக இருந்தேன்.

ஒருவழியாகத் திறக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். ஆனால் பழைய ஆட்களும் புதிதாகச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். வாயால் கேட்ட கேள்விகளுக்கு என் உடைந்த இங்கிலீசில் சரியாகவே சொன்னேன். அடுத்தது மேடையில் ஒத்திகை. வெறும் பெட்டிகளோடு கோச்சி மெல்ல வந்துகொண்டிருக்க, எங்கள் ஆட்களே பயணிகள் மாதிரி நின்றார்கள். காது மந்தமான ஒரு வயசாளி மஞ்சள் கோட்டைத் தாண்டி, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆவி சீறுகிற சத்தத்தில் என் குரல் எடுபடவில்லை. இங்கே வாருங்கள் என்று கையால் கூப்பிட்டேன்.

நாங்கள் எப்படிக் கூப்பிடுவோம்? உள்ளங்கை நிலத்தைப் பார்க்க, விரல்களைக் கீழே மடக்கி மடக்கித்தானே. வெள்ளைக்காரருக்கு அது தள்ளிப்போ என்று அர்த்தமாம். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. அவர் மரியாதையான மனிதர், நான் சொன்னபடி ஒரு காலைப் பின்னால் வைத்தார். நான் பதறி இன்னும் வேகமாகக் கூப்பிட்டேன். அவர் மற்றக் காலையும் பின்னால் வைத்தார். கார்ட் பாய்ந்து அவருடைய கோட்டில் பிடித்து இழுத்தார். அதற்குமேல் நான் நினைப்பதில்லை.

"நீதானே போகச் சொன்னாய்?" என்று அந்த வயசாளி இங்கிலீசில் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

எங்களைப் பழக்குகிற பெண்மணி என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள். "ஸாரி, லவ். இனி உனக்கு மேடை வேண்டாம். திறக்கிற அன்று தேத்தண்ணிக் கடையில் நில்" என்றாள். இன்னொரு முறை சோதித்துப் பார் என்று கெஞ்சினேன். திறப்பதற்கு முந்திய சனிக்கிழமை வரச் சொன்னாள்.

கிளேட்டனில் படிக்கிற பேத்தி, வீட்டில் எனக்குப் பயணியாக நின்றாள்.

"அம்மம்மா, கை திரும்பவும் கவுண்டிட்டுது."

"உள்ளங்கையை மேல பிடிச்சா நாயைக் கூப்பிடுற மாதிரிக் கிடக்குது, பிள்ளை."

"ஓகே, அப்ப என்னை நாய் எண்டு நினையுங்கோ. ஐ டோன்ட் மைன்ட்."

"கொம்மாவைக் கூப்பிட்டுப் பாக்கட்டோ?"

குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த மகள் சொன்னாள்: "என்னை ஒருத்தரும் கூப்பிட வேண்டாம். விடுங்கோவன் அம்மா. தேத்தண்ணி ஊத்தினா என்ன குறைஞ்சு போகும்?"

"உங்கட அப்பருக்கு ஊத்தினன். உங்களுக்கு ஊத்தினன். வந்த போன சனத்துக்கெல்லாம் ஊத்தினன். அங்கையும் போய் அதையே ஊத்தோணுமோ?"



சிட்னியிலிருந்து மகன் போன் எடுத்தான். "இங்க வந்து நில்லுங்கோ அம்மா, மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறன்" என்றான். முருகனிடம் இங்கேயே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்றேன்.

உள்ளங்கையில் ஒரு பிடி அரிசியை வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன். கவிழ்த்தால் கொட்டும், அப்படியாவது கை பழகட்டும் என்று. வீடெல்லாம் அரிசி. யோசித்துக் கூப்பிட்டால் கை சரியாக வந்தது. பதறினால் அதன்பாட்டுக்குக் கவிழ்ந்தது. பதறுகிற நேரத்துக்குத்தானே அந்த வேலை.

சோதனையில் முதல் ஆளைச் சரியாகக் கூப்பிட்டேன். அடுத்த ஆளையும் சரியாகத்தான். அப்போது அந்தப் பெண்மணி, முன்கூட்டிச் சொல்லாமல், தானே விளிம்பில் தடுமாறுகிற மாதிரி நடித்தாள். நான் பதறிவிட்டேன். கை போய்விட்டது. கவிழ்ந்த கையை நானே பார்த்தேன். வேறு யாருடையதோ போல அது ஆடிக்கொண்டிருந்தது.

"வன் மோர்" என்றேன்.

"அடுத்த வருடம் பார்ப்போம், லவ்."

அவளுடைய சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டேன். பெற்ற பிள்ளைகளிடம்கூட ஒன்று தா என்று கேட்டு நில்லாதவள் நான். விட மனம் வரவில்லை. கார்ட் வேறு பக்கம் திரும்பி நின்றார்.

திறக்கிற அன்று போனேன். போகாமல் விட்டால் கோபித்துக்கொண்டாள் என்பார்கள். தூரத்துப் பொயிண்ட் குக்கிலிருந்துகூட எங்கள் சனம் பிள்ளைகளோடு வந்திருந்தது. தேத்தண்ணி வாங்க வந்த ஒரு தமிழ்நாட்டுப் பிள்ளை, "ஆன்ட்டி, நீங்க இங்கதான் வேலை பாக்குறீங்களா?" என்று கேட்டாள்.

"ஓம்."

"என்ன வேலை ஆன்ட்டி?"

மேடையில் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "இதுதான்" என்றேன். அந்த நேரம் விசில் கேட்டது. கடை ஜன்னலால் மேடை தெரியாது, புகை மட்டும் தெரியும். யாரோ கையை உயர்த்தியிருக்கிறார்கள். கோச்சி அசைந்தது. கோப்பை நிரம்பி வழிந்து என் விரலைச் சுட்டதை அந்தப் பிள்ளைதான் கண்டு சொன்னாள்.

அடுத்த வருடம் என்று ஒன்று எனக்கு இருக்கிறதோ தெரியாது. பஸ் தரிப்பிடத்தில் நின்றும் கையைப் பழக்குகிறேன், பார்க்கிறவர்கள் பைத்தியம், விசரி என்று நினைக்கட்டும். மறுபடியும் சோதிக்கச் சொல்லிப் பேத்தியைக் கொண்டு கேட்பித்தேன். பதில் வரவில்லை. அதனால்தான் நடந்ததை நடந்தபடி சொல்லி அவளை எழுத வைத்திருக்கிறேன். இதை இங்கிலீசில் மாற்றி அந்தப் பெண்மணியிடம் கொடுப்பாள்.

பிள்ளை, எழுதினது காணும், இனிப் போதும். முதலிலை எனக்கு வாசிச்சுக் காட்டு. அந்த மனிசன் பின்னால கால் வைச்ச இடத்தை எனக்குப் பாவம் பாத்து விட்டுப்போடாதை. மெல்ல வாசி.