அந்திக் கிளினிக்

அந்தப் பிள்ளை கையைத் தூக்கிய தருணம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வெளியே தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த நோர்வூட் பக்கத்தில் உள்ள எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு வந்த மருத்துவ மாணவர்கள், வார்டை ஒட்டிய அறையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தாதியான நான் கதவோரம் நின்றேன். பெரிய டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மாணவர்கள் நோயைப் படித்துவிட்டுப் போனால் மட்டும் போதாது, ஆஸ்பத்திரி எங்கே இடறுகிறது என்று பார்த்துத் திருத்தவும் பழக வேண்டும் என்பார். “இஞ்ச எதை மாத்தினா சனத்துக்கு நல்லது?” என்று கேட்டார். ஒருவர் நாற்காலி என்றார், இன்னொருவர் மும்மொழிப் பலகை என்றார். கடைசி வரிசையில் இருந்த அந்தப் பிள்ளை கையைத் தூக்கி எழுந்து, பிரஷர் கிளினிக்கைக் காலையில் வைக்கக் கூடாது என்றாள்.

“எங்கம்மா லிந்துலையில கொழுந்து எடுக்கிறாங்க சேர். காலையில பேர் பதியிற பெரட்டுல நிக்கலைன்னா அன்னைக்குப் பேர் விழாது. ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு, வலியே இல்லாத வருத்தத்துக்கு யாரு மருந்தெடுக்க வருவாங்க?”

நானும் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். அப்படியிருந்தும், கிளினிக்குக்கு வராதவர்களைப் பற்றி, ‘இவங்களுக்கு ஒடம்பு மேல அக்கறை இல்ல’ என்று எங்களுக்குள் பேசிக்கொள்வது அங்கே வழக்கமாகியிருந்தது. டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “சரி பிள்ளை, செய்து பாப்பம்” என்றார்.

அப்படித்தான் அந்திக் கிளினிக் தொடங்கியது. பெண்கள் கொழுந்தை எடை போட்டுவிட்டு இறங்கி வரும் நேரத்துக்கு நாங்கள் கதவைத் திறந்து வைத்திருப்போம். மாணவர்கள் பிரஷர் பார்ப்பார்கள், டாக்டர் மருந்து எழுதுவார், மருந்து கொடுப்பவர் வீட்டுக்குப் போகாமல் எங்களுக்காகக் காத்திருப்பார். மாணவர்களில் பாதிப்பேர் சிங்களப் பிள்ளைகள். அவர்களுக்கு அந்தப் பிள்ளை தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தாள். உயரமான ஒரு பையன் பயந்து பயந்து, “கைய நீட்டுங்க அக்கா” என்று சொல்லும்போதெல்லாம் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கொழுந்துக் கறை படிந்த அந்தக் கைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டன. முதல் வாரம் பெஞ்சு பாதி காலியாகத்தான் கிடந்தது. பிறகு வாசல் வரை ஆட்கள் நின்றார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் தோட்டத்து மேல் டிவிசன் அக்கா. மலை ஏறும்போது தலை கனக்கிறது என்று கடையில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே வேலைக்குப் போனவர். அவருடைய பிரஷரைப் பார்த்த அந்தப் பிள்ளை, கருவியில்தான் பிழையோ என்று மறு கையிலும் கட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து அக்கா தவறாமல் வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷர் இறங்கியது. “இப்ப நல்லா தூக்கம் வருது தாயி” என்று அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டார்.

மாணவர்களின் பயிற்சிக் காலம் முடிந்தது. அவர்கள் செய்த வேலையைக் கண்டியில் பேராசிரியர்கள் முன்னிலையில் எடுத்துச் சொன்னார்கள் என்றும், பாராட்டு கிடைத்தது என்றும் அந்தப் பிள்ளை போனில் சந்தோஷமாகச் சொன்னாள். இங்கே டாக்டரும் நானும் கிளினிக்கைச் சில வாரங்கள் இழுத்துக்கொண்டு போனோம். அவருக்கு இடமாற்றம் வந்தது. புதிதாக வந்த டாக்டருக்கு வார்டைப் பார்க்கவே பொழுது போதவில்லை. மருந்து கொடுப்பவரும் எத்தனை நாள்தான் காத்திருப்பார்? அந்திக் கிளினிக்கை யாரும் நிறுத்தவில்லை. அது நின்றுபோனது. தெரியாமல் இறங்கி வந்தவர்களிடம், இனிமேல் காலையில் வாருங்கள் என்று வாசலில் நின்று சொன்னேன். தலையாட்டிவிட்டு மலைப்பாதையில் திரும்பிப் போனார்கள்.

அக்கா ஒரு முறை காலையில் வந்தார், பிறகு வரவில்லை. நோர்வூட் கடைவீதியில் பார்த்தபோது கேட்டேன். “தோட்டத்துக் கண்டாக்கய்யாகிட்ட எத்தன தடவ லீவு கேக்கிறது மிஸ்? இப்ப ஒண்ணும் செய்யல, நல்லாத்தான் இருக்கேன்” என்றார். அடுத்த வருஷ மழைக்காலம் முடியுமுன் கொழுந்து மலையிலேயே விழுந்தார். உயிர் தங்கியது. பக்கவாதத்தில் வலது கையும் காலும் போயின, பேச்சும் குழறியது.

அந்தப் பிள்ளைக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அப்போது அவள் டாக்டராகி, தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். இருவரும் லயத்துக்கு ஏறினோம். அக்கா அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். மருமகளிடம் தேத்தண்ணி ஊற்றச் சொல்லிவிட்டு, வார்த்தைகளைத் தேடித்தேடி, “ஒன்னாலதான் தாயி… அந்தக் கொஞ்ச நாள்… தலவலி இல்லாம இருந்தேன்” என்றார். இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, “அந்திக் கிளினிக்கு… மறுபடி எப்ப?” என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மருமகள் நீட்டிய கோப்பையை வாங்கிக்கொண்டேன்.

லயத்திலிருந்து இறங்கினோம். ரோட்டுக்கு வந்த பிறகு, “திட்டியிருந்தாங்கன்னா நல்லா இருந்திருக்கும் மிஸ்” என்றாள். “மருந்து குடிச்சா சரியாகும்னு நம்ப வச்சுட்டு நாங்க போயிட்டோம். நாங்க இல்லாமலும் நடக்குமான்னு ஒருத்தருமே கேக்கல. நானும் கேக்கல.” பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்தவள் என் பக்கம் திரும்பவில்லை.

இப்போதும் கிளினிக் காலையில்தான். போன மாதம் புதிய மாணவர்கள் வந்தார்கள். கிளினிக்குக்கு வராதவர்களைத் தேடி அவர்கள் லயங்களுக்குப் போய் வந்தார்கள். கண்ணில் வெளிச்சத்தோடு ஒரு மாணவி என்னிடம் ஓடி வந்தாள். “மிஸ், கிளினிக்க அந்திக்கு மாத்தினா எல்லாரும் வருவாங்க. இத இங்க யாரும் யோசிக்கவே இல்லையா?”

அவளை உட்காரச் சொன்னேன். “யோசிச்சாங்க. நல்லா செஞ்சும் காட்டினாங்க. நீங்களும் செய்யுங்க” என்றேன். “ஆனா நீங்க போன அடுத்த வாரம் அந்தக் கதவ யாரு திறக்கிறதுன்னு முதல்ல பேசி முடிவெடுங்க. அது வரைக்கும் லயத்துல ஒருத்தர்கிட்டயும் வரச் சொல்லிடாதீங்க.”

அவள் முகம் வாடியது. அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.