பல்லடத்தில் ஒரு பழைய கன்

கிணத்துக்கடவு மயில்சாமி வாடகைக் கார் ஓட்டுகிறவர். மோத வந்த லாரிக்காரரிடம்கூட "பாத்துப் போங்க" என்பார். அப்படியொரு வாய். அந்த வாய்தான் அவரைக் கெடுத்தது.

ஏதோ கம்பெனி ஓட்டிக் கழித்த எலெக்ட்ரிக் காரை வாங்கியபோதே தெரிந்தவர்கள் எச்சரித்தார்கள். இப்போது வருகிற சார்ஜ் நிலையங்களில் வண்டியில் சொருகும் கன் எல்லாம் புது மாதிரி, இதற்குச் சேராது. வீட்டு பிளக்கில் போட்டால் ராத்திரி முழுக்க ஆகும். வழியில் ஏற்ற வேண்டுமென்றால் பழைய கன் இருக்கிற இடமாகத் தேடித்தான் போக வேண்டும். பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிவிட்டார்.

காங்கேயத்தில் அவருடைய அக்கா சென்னியம்மாள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தாயில்லாத தம்பியை இடுப்பில் சுமந்து வளர்த்தவர். ஒருநாள் காலையில் அக்கா மகள் பூங்கொடி போன் செய்தாள்.

"அம்மா உங்களையத்தான் கேட்டுட்டே இருக்குதுங்க மாமா. வெரசா வந்துருங்க."

சவாரி முடித்து வந்த வண்டியை அப்படியே திருப்பினார். பல்லடம் சேர்வதற்குள் சார்ஜ் தீரும் நிலை. நல்லவேளையாக அங்கே ஒரு நிலையத்தில் பழைய கன் ஒன்றே ஒன்று இருந்தது. அதை அவர் கையில் எடுக்கவும், அதே மாதிரிப் பழைய கார் ஒன்று பின்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அங்கப்பன், உள்ளூரில் தறி போட்டிருப்பவர்.

"ஏனுங்க, நீங்க போடறீங்களா?"

"நீங்க போடுங்க. எனக்கொண்ணும் அவசரமில்லீங்க."

பழக்கத்தில் வந்துவிட்ட வார்த்தை. சொன்ன மறுநொடியே அக்காவின் நினைப்பு வந்தது. ஆனால் கொடுத்ததை எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது? பஸ் ஏறிவிடலாமா என்று யோசித்தார். இதோ முடிந்துவிடும் என்று நின்றுவிட்டார். இருவரும் மழையைப் பற்றியும் கறிக்கோழி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது மறுபடி போன் வந்தது. அக்கா போய்விட்டார்.

விஷயம் தெரிந்ததும் அங்கப்பன் ஓடிப்போய்த் தன் வண்டியிலிருந்து கன்னைப் பிடுங்கினார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதுங்களா? அப்பவே குடுத்திருப்பனுங்களே." அவருக்கும் கண் கலங்கியது.

வண்டி சார்ஜ் ஏறுகிற நேரத்தில் மயில்சாமி கடைத்தெருவுக்குப் போய், பிறந்த வீட்டுக் கோடிச் சேலை எடுத்து வந்தார். காங்கேயத்தில் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். சேலையை அக்கா மேல் போர்த்தும்போது உடைந்து அழுதார்.

"எங்கீங்க மாமா நின்னுபோட்டீங்க? கடைசி வரைக்கும் வாசலையே பாத்துட்டு இருந்துச்சு."

"வண்டிக்கு சார்ஜ் கன் சேரலை அம்மணி."

சொந்தக்காரர்கள் வண்டியைத் திட்டினார்கள். விற்றுத் தொலைக்கச் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டினார்.

வண்டியை இன்னும் விற்கவில்லை. பல்லடம் பக்கம் போனால் அந்த நிலையத்தில்தான் ஏற்றுகிறார். பின்னால் யாராவது வந்து நின்றால் அருகே போய், "அவசரமுங்களா?" என்று கேட்கிறார். எல்லோரும் இல்லீங்க என்றுதான் சொல்கிறார்கள். அவர் நம்புவதில்லை. கன்னைப் பிடுங்கி அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறார்.