திருப்பூருக்கு ஒரு டிக்கெட்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பரளச்சிப் பக்கம் ஒரு சிறிய நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்புக்கு ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். திருமணமான சில மாதங்களிலேயே கணவர் குவைத் போய்விட்டார். பாளையம்பட்டியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தேன். பள்ளி விட்டு வந்தால் பேச ஆள் கிடையாது. அவர் வேலை முடிந்து போன் செய்யும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பக்கத்தில் என்னிடம் மனசுவிட்டுப் பேசியதெல்லாம் நான்கு வயதுப் பிள்ளைகள்தான்.

ஒரு வாரம் எங்கள் வகுப்பில் 'வாகனங்கள்' பாடம். திங்கட்கிழமை படங்களுக்கு வண்ணம் தீட்டினோம். மறுநாள் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட்டு. நான்தான் கண்டக்டர். பிள்ளைகள் மதுரை, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று வாய்க்கு வந்த ஊரைச் சொல்லி டிக்கெட் வாங்கினார்கள். ஒரு சிறுமி மட்டும், "திருப்பூரு ஒண்ணு" என்றாள். கலர் பேப்பரைக் கிழித்துக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைக்கிறார். சித்தி வீட்டில் இருந்து படிக்கிறாள். வகுப்பிலேயே அதிகம் சிரிக்கிற பிள்ளை அவள்தான்.

புதன்கிழமையும் அதே விளையாட்டைக் கேட்டார்கள். அன்றும் அவளுக்குத் திருப்பூர்தான். வியாழக்கிழமை எல்லோரையும் கைகோக்கச் சொல்லி பஸ் ஸ்டாப்புக்கு அழைத்துப்போய் நிஜ பஸ்ஸைக் காட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் பெற்றோர் வந்து, பிள்ளைகள் அட்டையில் செய்த பஸ், லாரிகளைப் பார்க்கும் நாள். திருப்பூர் கேட்ட சிறுமியின் சித்திக்குக் காட்டில் மிளகாய் பறிக்கிற வேலை, வரவில்லை. கூட்டம் கலைந்ததும் பிள்ளைகளை உட்கார வைத்தேன். அவளைக் காணவில்லை. கழிவறையில் இல்லை, ஊஞ்சலில் இல்லை. வாசலில் பார்த்தால் அவளுடைய செருப்பும் இல்லை.

வகுப்பைப் பக்கத்து மிஸ்ஸிடம் விட்டுவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடினேன். டீக்கடைக்காரர், "சின்னப்பிள்ளையா? இப்பத்தான் ஒரு அம்மா பின்னாடியே பஸ்ஸுல ஏறுச்சு. அவுக பிள்ளையின்னு நெனச்சேன்" என்றார். அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டை எடுத்தார். பின்னால் உட்கார்ந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், கரிசல் காடு. ஆள் நடமாட்டமே இல்லை. வாயில் சாமி பேர்கூட வரவில்லை.

அடுத்த ஸ்டாப்பில், நிழல் இல்லாத இடத்தில், நடுத்தர வயதுப் பெண் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முந்தானையைக் குடைபோல் பிடித்திருந்தார். அதற்குள் அவள்.

"டிக்கெட்டு குடுக்க வந்த கண்டக்டருகிட்ட ஒரு கலர் பேப்பர நீட்டி, திருப்பூருன்னுச்சு" என்றார் அந்த அம்மா. "பஸ்ஸே சிரிச்சது. எனக்குச் சிரிப்பு வரல. யாரு பிள்ளைன்னு கேட்டா யாருமே வாய் தொறக்கல. கையப் பிடிச்சு இறங்கிட்டேன். யூனிபாரம் போட்டிருக்கு, தேடி யாராச்சும் இந்த வழிதான வருவீக?"

"நீங்க எங்க போகணும்மா?"

"அருப்புக்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு. பிரஷர் மாத்திர தீந்துபோச்சு. இனி போனா ஓ.பி. சீட்டு குடுக்க மாட்டாக. திங்கக்கெழம பாத்துக்கிறேன், டீச்சரம்மா."

நான் ரோட்டிலேயே மண்டியிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டேன். அவள் அழவில்லை. "மிஸ், இந்த பஸ்ஸு திருப்பூரு போகலயாம்" என்று மட்டும் சொன்னாள். அவள் அம்மாவுக்கு அங்கிருந்தே போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பின்னால் தையல் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர், "நாளைக்கே வாரேன்னு சொல்லுங்க மிஸ்" என்றார்.

வந்தார். மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். கம்பெனிப் பக்கத்திலேயே ஒரு பள்ளியில் சேர்த்திருப்பதாகப் பிறகு போனில் சொன்னார். சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் அவர்கள் கிளம்பிப்போன அன்று சாயங்காலம் என் அறைக்குத் திரும்பியபோது வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது போலத் தோன்றியது.

எனக்குத் தனிமையின் எல்லா முகமும் தெரியும் என்று நினைத்திருந்தேன். கலகலவென்று சிரிக்கிற பிள்ளைக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கும் என்பதை அந்த வாரம்தான் தெரிந்துகொண்டேன். அதனால் இப்போதெல்லாம் வகுப்பில் அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்திய கையோடு, சிரிக்கிற பிள்ளையின் பக்கத்திலும் கொஞ்சநேரம் போய் உட்காருகிறேன்.