ஒரு கையெழுத்துக்காக மணவாளக்குறிச்சிக்கு

குமரி மாவட்டத்துக்குச் சூரியோதயம் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடலாம். நான் போனது ஒரு கையெழுத்து வாங்க. 2012 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. கல்லூரிக்கு உள்ளூர் விடுமுறை.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் உடல்நல உளவியல் சொல்லித்தருகிறேன். மனநல மருத்துவர் இல்லை, ஆகவே தூக்கம் வரவில்லை என்று என்னிடம் சொல்லிப் பயனில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் என் ஆராய்ச்சி. பிரஷர் மாத்திரையைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்த என் அப்பாவிடமிருந்து தொடங்கிய பைத்தியம் இது. வங்கியில் வேலை பார்த்தவர், படித்தவர், இருந்தும் ஒளித்தார். ஏன் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

முனைவர் பட்டத்துக்காக மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரை எடுத்திருந்தேன். ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன். அவர்கள் உடம்பு விஷயம் அவர்களுடையது. மூன்று மாதம் ஞாயிறுதோறும் போனேன். அன்று அங்கே யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள். பூசை முடிந்து ஆண்கள் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். போன வாரம் முழுக்க மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது. அதனால் "இன்று காலை சாப்பிட்டீர்களா?" என்று மட்டும் கேட்டேன். இந்தச் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். பிரஷருக்கு மாத்திரை எழுதிக்கொடுத்திருந்த நாற்பத்தெட்டு மீனவர்களில் நாற்பத்தாறு பேர் சாப்பிட்டிருந்தார்கள். கடல் இவர்களுக்கு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று ஒரு அத்தியாயமே எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை நெறியாளரிடம் கொடுக்க வேண்டும். பதிலை எழுதிய ஒவ்வொரு படிவத்திலும் சொன்னவர் கையெழுத்து வேண்டும்; ஒரே ஒரு படிவத்தில் மட்டும் அது விட்டுப்போயிருந்தது.

காலை 6.15க்கு நெல்லையில் நாகர்கோவில் பஸ். எங்கும் நிற்காத வண்டி, 80 கிலோமீட்டர், 48 ரூபாய். ஆரல்வாய்மொழி வந்ததும் ஜன்னலை மூடிவிடுங்கள், காற்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும். 8.05க்கு நாகர்கோவிலின் வடசேரி பேருந்து நிலையம். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மீனாட்சிபுரம் பேருந்து நிலையம் வந்து, ரசவடையும் டீயும் முடித்து, 8.40க்கு அம்மாண்டிவிளை வழியாகப் போகும் குளச்சல் பஸ்ஸைப் பிடித்தேன். 12 ரூபாய். 9.35க்கு மணவாளக்குறிச்சி. மணல் ஆலையைத் தாண்டிக் கடற்கரைக்கு மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு 50 ரூபாய்.

ஆட்டோக்காரருக்கு என்னைத் தெரிந்திருந்தது. "நீங்க ஞாயித்துக்கிழம வார டீச்சர்லா? இன்னைக்கு என்ன, செவ்வாக்கிழம?"

"ஒரு கையெழுத்து வாங்கணும்."

"ஆம்பிளையள் எல்லாம் கடல்லலா கெடப்பினும். பதினோரு மணி ஆவும், பாத்துக்கிடுங்க."

அதுவரை லில்லி அக்காவோடு மணலில் உட்கார்ந்திருந்தேன். மீன் விற்கிறவர். மூன்று மாதமாக ஞாயிறுதோறும் வீடு வீடாக என்னைக் கூட்டிப்போனவர் அவர்தான். கையெழுத்துப் போடாத அருளப்பன் அவருடைய கணவர். ஐம்பத்திரண்டு வயது. "நான் சொன்னாலும் அவரு கேக்க மாட்டாரு டீச்சர். நீங்களே கேட்டுக்கிடுங்க" என்று சிரித்தார்.

பதினொன்றேகாலுக்கு வள்ளம் கரையேறியது. நான்கு பேர். அருளப்பன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். படிவத்தையும் பேனாவையும் நீட்டினேன்.

"இதுல போட மாட்டேன் டீச்சர்."

"ஏண்ணே? அன்னைக்கு மாத்திரை சாப்பிட்டேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அன்னைக்குத் தின்னது நெசந்தான். ஞாயித்துக்கிழம கடலு இல்லலா. கடலுக்குப் போற அன்னைக்குக் குளிகை தின்ன மாட்டேன். தின்னா மூத்திரம் முட்டும், எந்திரிச்சு நின்னு வலை வலிக்கும்போ தல கறங்கும். விழுந்தா ஆரு எடுப்பா? நீங்க அந்தத் தாள வச்சு நான் தெனமும் திங்கியேன்னு எழுதுவிய. அதுக்கு எனக்க கையெழுத்து வேண்டாம்."

வலையை உதறிக்கொண்டிருந்த மற்ற மூவரையும் பார்த்தேன். மூவரும் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டவர்கள்.

"நாங்களும் அப்படித்தான் டீச்சர்" என்றார் ஒருவர். "நீங்க இன்னைக்குத் தின்னியளான்னுதான கேட்டிய. தின்னோம், சொன்னோம்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. வாரத்தில் ஆறு நாள் மாத்திரையைத் தொடாதவர்களை, தொடுகிற அந்த ஒரே நாளில் போய்ப் பிடித்து, ஒழுங்கின் சிகரம் என்று எழுதியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிட ஆசையாகவும் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். படிவத்தில் பொய் ஒன்றும் இல்லை. இந்த ஒரு தாளை எடுத்துவிட்டு மீதி நாற்பத்தேழைக் கொடுத்தால் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை பிழைக்கும், பதவி உயர்வும் பிழைக்கும்.

பேனாவை மூடிப் பைக்குள் போட்டேன். அங்கேயே, மணலில் நின்றபடி, நெறியாளருக்குப் போன் செய்தேன். "அத்தியாயம் வெள்ளிக்கிழமை வராது மேடம். நான் கேட்ட நாள் தப்பு." அவர் காரணம் கேட்டார், சொன்னேன். பிறகு, "எத்தனை மாசம் வேணும்?" என்றார். ஆறு என்றேன்.

மாத்திரையை மாற்றுவது என் வேலை இல்லை. ஆனால் டாக்டரிடம் கூட்டிப்போக எந்தப் பட்டமும் தேவையில்லை. மதியம் நெய்யூரில் அவர்கள் வழக்கமாகக் காட்டும் ஆஸ்பத்திரிக்கு அருளப்பன், லில்லி அக்கா, நான் மூவருமாகப் போனோம். பஸ்ஸில் அரை மணி நேரம். "கடலுக்குப் போறவர்னு நீங்க சொல்லவே இல்லையே" என்றார் டாக்டர். லில்லி அக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேறு மாத்திரை, கரைக்கு வந்து சாப்பிட்ட பிறகு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். வெளியே வந்ததும் லில்லி அக்கா கணவரின் முதுகில் ஓர் அடி வைத்தார். "இத எனக்கிட்டயாவது சொல்லிருக்கலாம்லா!"

அப்பாவிடம் நான் கேட்காமல் விட்டது பஸ்ஸில் வரும்போது நினைவுக்கு வந்தது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவருக்கும் ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். இப்போது கேட்க அவர் இல்லை.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு: நாகர்கோவிலை ஒன்பதுக்குள் விட்டுவிடுங்கள். மணவாளக்குறிச்சியிலேயே குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், கடற்கரையில் கடை இல்லை. கறுப்பு மணல் பதினொரு மணிக்கே காலைச் சுடும், செருப்பைக் கழற்றாதீர்கள். திரும்பும்போது மாலை ஐந்துக்குப் பிறகு நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. என்னைப்போல் கேள்வி கேட்கப் போகிறவர்களாக இருந்தால், ஞாயிறு மட்டும் போகாதீர்கள்.

அடுத்த ஆறு மாதமும் வேலைநாட்களில் போனேன். விடுப்பெல்லாம் தீர்ந்தது. ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை, வள்ளம் கரையேறி, சோறு தின்று முடித்த அருளப்பன் என் கண் முன்னாலேயே ஒரு மாத்திரையை விழுங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தத் தாளக் கொண்டாங்க டீச்சர். இப்பம் போடலாம்."