தொடாதக்காவின் இரண்டு பச்சை

"தொடாத."

திரும்பிப் பார்க்காமலே சொல்கிறாள். முதுகுக்குப் பின்னால் ஒரு வாடிக்கைக்காரியின் விரல் ஈரம் காயாத அட்டையை நோக்கி நீளுவது அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. ரப்பர் அச்சுகளால் வாழ்த்து அட்டைகளும் சுவர்ப் படங்களும் செய்து விற்கும் இவளுக்குத் தெருவில் வைத்த பெயரே தொடாதக்கா. கணவர்கூட வெளியே அப்படித்தான் சொல்கிறார். வீட்டுக்குள் சொல்லிப் பார்க்கட்டும்.

"ரெண்டும் பச்சைதானே, எதுல அடிச்சா என்னக்கா?" என்று கேட்பவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மேஜையில் எப்போதும் இரண்டு மைப் பெட்டிகள். ஒன்று டை மை: கரைந்த சாயம்; காகிதத்துக்குள் சட்டென்று ஊறி, அச்சை எடுத்த கையோடு காய்ந்துவிடும். மற்றது பிக்மென்ட் மை: கரையாத நிறத்தூள், காகிதத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, காய்வதற்கு ஒரு ராத்திரி கேட்கும்.

"நின்ன கால்ல வாங்கிட்டுப் போறதுன்னா டை. குப்பையில போடப்போற வாழ்த்துக்கு அது போதும். சுவத்துல மாட்டப் போறீங்கன்னா பிக்மென்ட். நாளைக்கு வாங்க."

வாங்க வந்தவரிடம் குப்பை என்று சொல்லலாமா என்று கணவர் கேட்டால், "பின்ன, பீரோவுல வெச்சுப் பூட்டப் போறாங்களா?" என்பாள்.

நம்பாதவர்களை ஜன்னலுக்கு இழுத்துப் போவாள். கண்ணாடியில் ஒட்டிய காகிதத் துண்டில் இரண்டு இலைகள். இரண்டிலும் பாதியைக் கறுப்புத் தாள் மூடியிருக்கும். அதைத் தூக்கிக் காட்டுவாள். பிக்மென்ட் இலை முழுக்க ஒரே பச்சை. டை இலையில் மூடியிருந்த பாதி பச்சை. வெயில் பட்ட பாதி, துவைத்துத் துவைத்து வெளுத்த துணிபோல. "பார்த்தீங்கல்ல? வெயிலுக்கு யாரு மொகமும் தெரியாது."

அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பார்கள். இந்த வாரம் அது தொண்டையில் இருந்தது.

தம்பி புது வீடு கட்டியிருக்கிறான். கூடத்தில் மாட்ட ஒரு குடும்ப மரம் வேண்டும் என்றான். ஆளுக்கு ஓர் இலை, இலைக்குள் பெயர். அப்பா, அம்மா, அவன், மனைவி, பிள்ளைகள்.

"நானும் தங்கச்சியும்?"

"நீங்க உங்க வீட்டுக்காரங்க மரத்துல வருவீங்கல்லக்கா."

அம்மா கடைசி வருஷம் படுத்துக் கிடந்த கட்டில் இருந்த இடத்தில்தான் இன்று இந்த மேஜை இருக்கிறது. அந்த வருஷம் தம்பி வந்ததெல்லாம் விருந்தாளியாக.

"அப்ப உன் பொண்டாட்டி மட்டும் எப்படிடா இந்த மரத்துல மொளச்சா?"

தம்பி சிரித்தான். "சரி, கோவிச்சுக்காத. கீழ ஓரமா ரெண்டு சின்ன இலை போட்டுக்க."

போட்டுக்கொள்ளலாமாம். வாரம் முழுக்க அதையே மென்றுகொண்டிருந்தாள்.

"எங்க மாட்டப் போற?" என்று மட்டும் அன்றைக்கு அவனிடம் கேட்டிருந்தாள்.

"ஜன்னலுக்கு எதிர்ல. சாயங்கால வெயில் நேரா அடிக்கும். பளிச்சுனு இருக்கும்."

அவன் எடுத்துப்போக வருவதாகச் சொன்ன நாள். அப்பா, அம்மா, தம்பி மனைவி, பிள்ளைகள் எல்லாரும் நேற்றே பிக்மென்டில் காய்ந்தாயிற்று. அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள். காலையில் கீழ் ஓரத்தில் தனக்கும் தங்கைக்கும் இலை வைத்தாள். சின்னதாக இல்லை, மற்றவர்கள் அளவே. அதுவும் பிக்மென்ட். நட்டநடுவில் தம்பியின் இடம் மட்டும் காலியாக இருந்தது.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் அச்சை எடுத்தாள். கை பழக்கத்தில் பிக்மென்ட் பெட்டிக்குப் போனது. நின்றது. பிறகு டை பெட்டியைத் திறந்தது. இலையை அடித்தாள், உள்ளே எழுத்தெழுத்தாகப் பெயரையும் அடித்தாள். இன்றைக்கு யார் பார்த்தாலும் அதே பச்சை.

தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நேரே வந்து, தன் இலைமேல் கட்டைவிரலை வைத்தான். தொடாத என்று அவள் சொல்லவில்லை.

"அட, அதுக்குள்ள காஞ்சிடுச்சேக்கா." விரலைத் திருப்பிக் காட்டினான், துளி மை இல்லை. அந்தச் சந்தோஷத்தோடு விரல் கீழ் ஓரத்துக்கு இறங்கியது.

"தொடாத. அது காயணும்," என்றாள் தொடாதக்கா. குறுக்கே கையை நீட்டி, இரண்டு இலைகளுக்கும் மேலே, காகிதத்தில் படாமல், உள்ளங்கையைக் கூரைபோலக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.