பேட்ஜர் என்று எழுதிய பிரஷ்

விவரம் சொல்லி விற்கும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும். நியூசிலாந்தின் பொருள் விற்பனைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. த்ரீ கிங்ஸ் பகுதிக் கடைக்காரருக்குச் சட்டமும் தெரியாது, பேட்ஜரும் தெரியாது.

எண்பதுகளின் நடுவில், ‘அசல் பேட்ஜர் முடி’ என்று பெட்டியில் அச்சிட்ட சவரப் பிரஷ் ஒன்றை அவரிடம் வாங்கி, மவுண்ட் ரோஸ்கிலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன். காற்றில் சாய்ந்த என் வேலியை நிமிர்த்தித் தந்ததற்கு நன்றியாக. தஞ்சாவூர்க்காரர், தொழுகை தவறாதவர். நான் அவரைப் பாய் என்பேன். அவர் என்னை சார் என்பார்.

சில வாரங்களில் பிரஷைத் திரும்பக் கொண்டுவந்தார். முடியின் கறுப்பு, வெந்நீரில் கரைந்து வாஷ்பேசினில் ஓடியதாம்.

பேட்ஜர் வளை தோண்டி வாழும் விலங்கு. அதன் முடி அடியில் வெளிறி, நடுவில் கறுத்து, நுனியில் மறுபடி வெளுத்திருக்கும். அது பிறவிக் கறுப்பு, கரையாது. நல்ல பிரஷ் செய்பவர்கள் முடியை நுனி கீழாகக் குழிந்த அச்சில் இறக்கி, வடிவம் வந்ததும் அடியைக் கட்டிப் பிடிக்குள் ஒட்டுவார்கள். மெலிந்த நுனியில் கத்தரி படவே படாது. இதிலோ பாதி நுனிகள் கத்தரித்தவை. மீதி இரண்டாகப் பிளந்தவை. பிளப்பது பன்றி முடியின் குணம் என்றேன்.

பாய் முகத்தைத் தடவிக்கொண்டார்.

“பன்றியான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க சார். தினம் இதைத் தேச்சுக்கிட்டுத்தானே தொழப் போனேன்.”

“ஓம் பாய். முறைப்படி எழுதிக் கேப்பம்.”

முறைப்படி எழுதினேன். கடை இறக்குமதியாளரைக் காட்டியது. இறக்குமதியாளர், என் கடிதம் உரிய பிரிவின் கவனத்தில் இருப்பதாகத் தெரிவித்தார். பிரிவு ஆழ்ந்து கவனித்தது. பதில் தெரியாமல் அந்தப் பிரஷைத் தொட பாய்க்கு மனமில்லை. வேறொன்று வாங்கினால் நான் வருந்துவேனாம். ஆகவே சவரத்தையே நிறுத்திவிட்டார்.

தாடி வளர்ந்தது. பள்ளிவாசலில் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். நோன்பு தொடங்கியதும் இளைஞர்கள் அவரிடம் ஆலோசனை கேட்க வந்தார்கள்.

“இனிமே எப்படி சார் எடுக்கிறது?” என்றார்.

அதற்கான நடைமுறை எனக்குத் தெரியவில்லை. பெருநாளன்று அவரை முன்வரிசையில் நிற்க வைத்தார்கள். பன்றி முடி கலந்ததுதான், எங்கள் தயாரிப்பில் தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி என்ற பதில் வந்து சேர்ந்தது அதற்கு மறுநாள்.